குவாய்ப் பாலத்துச் சிப்பாய்

படம் முடிந்து கொட்டகையில் விளக்கெரிந்ததும் நாம் நினைவில் வைத்துக்கொண்டு வீடு திரும்பும் பெயர்கள் இரண்டோ மூன்றோதான். கதாநாயகன் பெயர், கதாநாயகி பெயர், மிஞ்சினால் நெறியாளர் பெயர். பட்டியலில் எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ வரும் பெயருக்குரியவரை நாம் முகத்தால் அறிவோம், பெயரால் அறியோம். "இவர் அந்தப் படத்திலும் வந்தவரல்லவா?" என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்பதோடு அவருடைய வரலாறு முடிந்துவிடும். நமது கூத்து மரபில் இவ்வாறில்லை. முள்ளியவளையில் விடியவிடிய ஆடப்படும் கோவலன் கூத்தில் காவற்காரனாக வந்து நான்கு அடி பாடிப் போனவர் யார் என்பதும் ஊருக்குத் தெரியும். படத்தொழில் பெருந்தொழிலாகிய பின்னரே இந்த மறதி வந்தது.

இத்தகையோரைத் தமிழில் குணசித்திர நடிகர் என்கிறோம். டி. எஸ். பாலையாவும் எஸ். வி. சுப்பையாவும் அந்தப் பெயருக்குப் பெருமை தேடித் தந்தவர்கள். பிரித்தானியப் படவுலகிலோ இந்தச் சொல்லுக்குள் வர்க்கமும் மறைந்திருந்தது. எந்த வர்க்கத்தின் நாக்கோடு ஒருவர் வளர்ந்தாரோ, அந்த வர்க்கத்தின் வேடங்களே அவருக்குப் பெரும்பாலும் அளந்து கொடுக்கப்பட்டன.

நாம் இங்கே எடுத்துக்கொள்ளும் பேர்சி ஹேர்பேட் அவ்வாறான ஒருவர். 1920இல் இலண்டனின் கிழக்குப் பகுதியில் பிறந்தார், 1992இல் மறைந்தார். ஏராளமான படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் தோன்றினார். முல்லைத்தீவிலிருந்து எழுதும் நமக்குக் கிழக்கு இலண்டன்காரர் ஒருவரின் சீவனோபாயத்தில் என்ன அக்கறை என்று வாசகர் வினவலாம். வினவுவது நியாயமே. அவர் நடித்த படங்களுள் மிகப் பெரும் புகழ் பெற்றது இலங்கையில், களனி ஆற்றங்கரையில் எடுக்கப்பட்டது. அந்தப் படத்தின் கதை நிகழ்ந்த இடத்தில், அதே ஆண்டுகளில், தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மாண்டனர். படத்தில் அவர்களில் ஒருவர்கூட இல்லை.

கிழக்கு இலண்டன் கப்பற்றுறைத் தொழிலாளரும் தையற்கூலிகளும் நெருங்கி வாழ்ந்த பகுதி. அங்கிருந்து படைக்குப் போன இளைஞர்களுக்கு உலகம் சுற்றிப்பார்க்கக் கிடைத்த ஒரே வழியும் அதுதான். 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது யப்பானியரிடம் அகப்பட்ட நேசநாட்டுப் படையினருள் ஹேர்பேட்டும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 21. போர் முடியும்வரை சாங்கி முகாமில் கைதியாயிருந்தார். சயாமையும் பர்மாவையும் இணைக்க யப்பானியர் அமைத்த புகையிரதப் பாதைக்குக் கைதிகளைத் தொகுதி தொகுதியாகப் பொறுக்கி அனுப்பியதும் இந்தச் சாங்கியிலிருந்துதான்.

ஊர் திரும்பியவருக்கு நாடகத்துறையில் கைகொடுத்தவர் சிபில் தோர்ன்டைக் அம்மையார். பேர்னாட் ஷா ஜோன் ஆஃப் ஆர்க்கைப் பற்றி எழுதிய நாடகம் 1924இல் இலண்டன் மேடையேறியபோது ஜோனாக நடித்தவர் அவரே. சமதர்மக் கொள்கையில் பற்றுடைய இந்த அம்மையார், போர்க்காலத்தில் வேல்ஸ் நாட்டின் நிலக்கரிச் சுரங்க ஊர்களுக்குச் சென்று, சுரங்கத் தொழிலாளர் முன்னிலையில் 'மக்பெத்' நடித்தவர். முகாமிலிருந்து மீண்ட ஒரு தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அவர் கதவைத் திறந்துவிட்டதில் வியப்பில்லை. வியப்பு எதுவெனில், அந்தக் கதவுக்கு உள்ளே போனதும் ஹேர்பேட்டுக்குக் கிடைத்த உடுப்பு மறுபடியும் சிப்பாய் உடுப்பாகவே இருந்ததுதான்.

அவர் படவுலகில் நுழைந்தது 1954இல். காலம் அவருக்கு வாய்ப்பாகவே இருந்தது. பிரித்தானிய ஏகாதிபத்தியம் இந்தியாவை விட்டுப் போயிருந்தது; 1956இல் சூயசில் மானத்தையும் இழக்கவிருந்தது. நடைமுறையில் தோற்றுக்கொண்டிருந்த ஆளும் வர்க்கம், திரையில் மட்டும் இரண்டாம் உலகப் போரைத் திரும்பத் திரும்ப வென்றுகொண்டிருந்தது. ஆண்டுதோறும் போர்ப்படங்கள் வந்தன. ஒரு போர்ப்படத்துக்கு ஒரு கேணல் போதும். சிப்பாய்கள் பலர் வேண்டும். அந்தப் பலருள் ஒருவராக ஹேர்பேட் நிலைபெற்றார். 1955இல் 'கொக்கிள்ஷெல் ஹீரோஸ்', 1958இல் 'சீ ஒஃப் சாண்ட்', 1960இல் 'டியூன்ஸ் ஒஃப் குளோரி', 1961இல் 'த கன்ஸ் ஒஃப் நவரோன்' என்று படத்துக்குப் படம் படைவீரர், அல்லது சார்ஜன்ட். உருண்டு திரண்ட உடல், அடிபட்டுப் பழகிய முகம், கட்டளைக்குக் கீழ்ப்படிந்துகொண்டே அதை நம்பாத கண்கள். அந்தக் கண்களை அவர் எங்கே பெற்றார் என்பதைத் தயாரிப்பாளர்கள் கேட்டிருக்கத் தேவையில்லை.

இதே காலத்தில் இன்னொரு குணசித்திர நடிகர் நடந்த பாதையை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். அந்திரே மோரெல் 1909இல் இலண்டனில் பிறந்தவர். கம்பீரமான குரல், படித்தவர் உச்சரிப்பு. ஆதலால் அவருக்குப் பேராசிரியர், நீதிபதி, கேணல் வேடங்கள் வந்தன. ஜோர்ஜ் ஓர்வெலின் '1984' நாவலை பி.பி.சி. தொலைக்காட்சி நாடகமாக்கி 1954 டிசெம்பர் 12இல் ஒளிபரப்பியபோது, கைதியை வதைத்துத் 'திருத்தும்' ஓபிரையனாக அவர் தோன்றினார். அந்நாளில் தொலைக்காட்சி நாடகம் நேரடியாக நடிக்கப்பட்டு நேரடியாகவே ஒளிபரப்பப்பட்டது. மறுபடி காட்டவேண்டுமாயின் நடிகர்கள் மறுபடி கூடி முதலிலிருந்து நடிக்கவேண்டும். நான்கு நாட்களின் பின் அவ்வாறே நடித்தார்கள். பாராளுமன்றத்தில் கண்டனத் தீர்மானம் வரையில் போன நாடகம் அது. பின்னர் 1958-59இல் 'குவாற்றர்மாஸ்' விஞ்ஞானத் தொடரில் பேராசிரியர் வேடமும் மோரெலுக்கே கிடைத்தது.

அந்தக் குவாற்றர்மாஸ் கதைகளுள் ஒன்று 1957இல் படமாகியபோது ஹேர்பேட்டும் அதில் இருந்தார். பேராசிரியராக அல்ல, கோர்மன் என்ற தொழிலாளியாக. கதையை ஒதுக்கிவிட முடியாது. இரகசியத் தொழிற்சாலை ஒன்றில் வேலைசெய்வோருக்கு நல்ல கூலியும் புது வீடும் கொடுத்து, கேள்வி கேளாதீர் என்று மட்டும் நிபந்தனை விதிக்கிறார்கள். தாங்கள் கட்டியது தம் இனத்தையே அழிக்கும் ஒன்று என அறிந்ததும் தொழிலாளர் கிளர்ந்தெழுந்து ஆலைக்குள் புகுகின்றனர். மலிவான திகிற்படம் என்று விமரிசகர் தள்ளிய வகையைச் சேர்ந்ததுதான். ஆயினும் விருது பெற்ற எத்தனையோ போர்ப்படங்களில் தொழிலாளிக்குக் கிடைக்காத மூளை இந்தப் படத்தில் கிடைத்திருக்கிறது என்று நாம் துணிந்து சொல்வோம்.

இனிக் களனி ஆற்றங்கரைக்கு வருவோம்.

பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952இல் எழுதிய நாவலை 'குவாய் ஆற்றுப் பாலம்' என்ற பெயரில் டேவிட் லீன் நெறியாண்டார். தயாரித்தவர் சாம் ஸ்பீகல். 1956இன் இறுதியில் படக்குழு இலங்கைக்கு வந்தது. கித்துல்கலவில் ஆற்றுக்குக் குறுக்கே மெய்யாகவே ஒரு மரப்பாலம் கட்டினார்கள். அதைக் கட்ட 500 தொழிலாளரும் 35 யானைகளும் உழைத்ததாகவும் கால் மில்லியன் டொலர் செலவானதாகவும் விளம்பரங்கள் பெருமையடித்தன. செலவு அதில் ஒரு பங்குதான் என்பது பிற்காலத்தில் வெளிவந்தது. 1957 மார்ச் 10ஆம் திகதி பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா முதலானோர் முன்னிலையில் பாலத்தைத் தகர்ப்பதாக ஏற்பாடு. படப்பிடிப்பாளர் ஒருவர் உரிய நேரத்தில் விலகிக்கொள்ளவில்லை. லீன் வெடியை நிறுத்திவிட்டார். புகைவண்டி பாலத்தைக் கடந்து போய் மறுகரையில் மின்பிறப்பாக்கி ஒன்றில் மோதியது. மறுநாள் காலையில் பாலம் தகர்க்கப்பட்டது. அதே பிரதமர் அதே ஆண்டு யூலை 26இல் செல்வநாயகத்துடன் ஓர் ஒப்பந்தம் செய்தார். அது தகர்வதற்கு ஒன்பது மாதங்கள் பிடித்தன.

படத்தில் ஹேர்பேட்டின் வேடம் குறோகன் என்னும் சிப்பாய். மோரெல் கேணல் கிறீன். அலெக் கினஸ் கேணல் நிக்கல்சன். யப்பானிய முகாமில் கைதியான நிக்கல்சன், தன் ஆட்களின் ஒழுங்கும் மானமும் காக்கப்படவேண்டும் என்ற பிடிவாதத்தில், எதிரிக்கு வேண்டிய பாலத்தை எதிரியே வெட்கும்படி உறுதியாகக் கட்டிக்கொடுக்கிறார். அதிகாரி வர்க்கத்தின் மூடத்தனத்தை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய பிரித்தானியப் படங்கள் அந்நாளில் அரிது. அந்தப் பெருமையை நாம் படத்துக்குக் கொடுத்துவிடலாம். கிழிந்த காலணிகளோடு சீழ்க்கையடித்துக்கொண்டு முகாமுக்குள் அணிவகுத்து நுழையும் சிப்பாய்கள் உலகெங்கும் மனங்களில் பதிந்துவிட்டார்கள். யப்பானியரிடம் மெய்யாகவே கைதியாக இருந்து, பதினொரு ஆண்டுகளின் பின் கூலிக்காகக் கைதியாக நடித்த ஒருவர் அந்தப் படத்தில் இருந்தார் என்பதை மிகச் சிலரே அறிவர்.

மெய்யான கைதிகள் பலருக்குப் படம் பிடிக்கவில்லை. மெய்யான பாலம் இருந்த தமர்க்கான் முகாமின் மூத்த அதிகாரி கேணல் பிலிப் டூசி, நிக்கல்சனைப் போல எதிரிக்கு மனமுவந்து உழைத்தவரல்லர். வேலையைத் தாமதப்படுத்தியும் தம் ஆட்களைக் காத்தும் நின்றவர். பாலத்தைத் தகர்த்ததும் காட்டுக்குள் புகுந்த வீரர் மூவரோ நால்வரோ அல்லர். 1945இல் நேசநாட்டு விமானங்களே குண்டுவீசின. மேலும் அந்தப் பாலத்தின் கீழ் ஓடியது குவாய் ஆறே அன்று. மே குளோங் ஆறு. படத்தைப் பார்த்துவிட்டு உல்லாசப் பயணிகள் வந்து குவாய் ஆற்றைத் தேடத் தொடங்கியதும், தாய்லாந்து அரசாங்கம் 1960இல் ஆற்றின் அந்தப் பகுதிக்கே பெயரை மாற்றிவிட்டது.

பொய்களில் இவை சிறியவை. பெரியது, சொல்லாமல் விட்டது.

அந்தப் பாதையின் நீளம் 415 கிலோமீற்றர். 1942 நடுப்பகுதியில் தொடங்கி 1943 ஒக்டோபரில் முடித்தார்கள். உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கு மேல். இறந்தோர் 12,000க்கு மேல். இவர்களைவிட மும்மடங்குக்குக் குறையாத ஆசியத் தொழிலாளர் அங்கே உழைத்தனர்: பர்மியர், யாவாக்காரர், மலாயர், சீனர், தமிழர். அவர்களுள் இறந்தோர் 90,000 அளவில் என்பது பலர் தரும் மதிப்பீடு, மதிப்பீடு மட்டுமே. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஏறத்தாழ 75,000 பேரில் மிகப் பெரும்பாலோர் இறப்பர்த் தோட்டத் தமிழர். போர்க்கைதிக்கு ஒரு படைப்பிரிவு இருந்தது, அதிகாரி இருந்தார், கையில் மருந்தில்லாவிட்டாலும் வைத்தியர் இருந்தார், இறந்தால் பெயரைக் குறித்துவைக்க ஒருவர் இருந்தார். தோட்டத் தொழிலாளிக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. பெண்டு பிள்ளைகளோடு போனோரும் உளர். 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது கூலி முகாம்கள் முழுமுழுதாக அழிந்தன. அதன் பின்னர்தான் யப்பானியர் சாங்கியிலிருந்து வைத்தியக் குழுக்கள் இரண்டைக் கூலி முகாம்களுக்கு அனுப்பினர். அந்தக் குழுக்களில் போன கைதிகள் எழுதிவைத்த குறிப்புகளால்தான் நமது மக்களின் சாவைப் பற்றி ஓரளவேனும் அறிகிறோம்.

ஆட்பிடித்த முறையையும் சொல்லவேண்டும். முதலில் நல்ல கூலி, குறுகிய கால ஒப்பந்தம் என்றார்கள். பழைய கங்காணி முறை பழையபடி உதவியது. போனவர் திரும்பாததைக் கண்டு மற்றவர் மறுத்தபோது, வீதியில் கண்டவரைப் பிடித்தேற்றினார்கள். அக்காலத்துச் சாட்சியங்களில் வரும் ஒரு தந்திரத்தை நாம் மறக்க இயலவில்லை: இலவசமாகப் படம் காட்டுவதாக அறிவிப்பார்கள், கொட்டகை நிறைந்ததும் கதவுகளைப் பூட்டி, உள்ளே இருந்த ஆண்களை அப்படியே புகைவண்டிக்குக் கொண்டுபோவார்கள். திரைக்கு முன்னே பிடிபட்டவர்களுக்குத் திரையில் இடம் கிடைக்கவில்லை.

படம் எடுத்தோர் வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று நாம் கூறவில்லை. மூல நாவலே வெள்ளையருக்கும் யப்பானியருக்கும் இடையிலான கதையாகத்தான் எழுதப்பட்டது. அதை எழுதிய பூல், மலாயாவில் இறப்பர்த் தோட்டத்தில் உத்தியோகம் பார்த்தவர். அன்றாடம் தமிழ்த் தொழிலாளர் நடுவே நடமாடியவர். அவருடைய கற்பனையில் அந்தப் பாலத்தைக் கட்டும் கைகள் வெள்ளைக் கைகளாக மட்டும் இருந்தது தற்செயல் அன்று. தோட்டத்துரையின் கண்ணுக்குக் கூலி எப்போதும் நிலக்காட்சியின் ஒரு பகுதி.

படப்பிடிப்பு நடந்த இடத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். கித்துல்கலவைச் சூழ்ந்த மலைகளில் இறப்பரும் தேயிலையும். அவற்றில் உழைத்தோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட தமிழர். திருச்சியிலும் சேலத்திலும் பஞ்சம் வந்தபோது அண்ணன் கண்டிச் சீமைக்கும் தம்பி பினாங்குக்குமாகக் கப்பலேறிய குடும்பங்கள் எத்தனையோ. தம்பி மாண்ட கதையை அண்ணனின் மலையடிவாரத்தில் படமெடுத்தார்கள். அதில் தம்பி இல்லை. அண்ணன் அறியவும் இல்லை.

படம் ஏழு ஒஸ்கார் விருதுகள் பெற்றது. அவற்றுள் ஒன்று திரைக்கதைக்கு. அது ஆங்கிலத்தில் ஒருவரியும் எழுதாத பூலின் பெயருக்குப் போயிற்று. மெய்யாகவே எழுதிய கார்ல் போர்மனும் மைக்கல் வில்சனும் ஹொலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்தவர்கள். பொதுவுடைமைத் தொடர்பு என்ற குற்றச்சாட்டால் பெயரை இழந்தவர்கள். இருவரும் இறந்த பின் 1984இல் ஒஸ்கார்க் கழகம் அந்தத் தவற்றைத் திருத்திற்று. போர்மன் பின்னர் எழுதித் தயாரித்த நவரோன் படத்திலும் ஹேர்பேட்டுக்குக் குறோகன் என்ற பெயரே வைத்திருக்கிறார். சிப்பாயைச் சார்ஜன்டாக உயர்த்தியிருக்கிறார். எழுத்தாளனின் குறும்பு என்று கொள்ளலாம்.

1966 செப்தெம்பர் 25இல் அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சி படத்தை ஒளிபரப்பியபோது ஏறத்தாழ ஆறு கோடிப்பேர் பார்த்ததாகக் கணக்கிட்டனர். ஹேர்பேட்டின் முகத்தை ஒரே இரவில் இவ்வளவு பேர் பார்த்தது அதுவே முதன்முறையாயிருக்கலாம். இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியது 1979இல்தான்.

சின்னத்திரையில் ஹேர்பேட்டின் வேடங்கள் சற்று விரிந்தன. 1965இல் சார்லி டிரேக் நடித்த 'த வேர்க்கர்' என்ற நகைச்சுவைத் தொடரில், வேலையற்றவனுக்கு வேலை தேடிக்கொடுத்துச் சலித்துப்போகும் தொழிற்பரிவர்த்தனை நிலைய எழுதுவினைஞராக வந்தார். 1967-68இல் அமெரிக்காவின் 'சிமரன் ஸ்ட்ரிப்' தொடரில், 23 வாரமும் ஸ்கொட்லாந்து நாடோடி மக்கிறகர். கிழக்கு இலண்டன்காரரைக் கொண்டுபோய் ஸ்கொட்லாந்துக்காரராக்கி அமெரிக்கப் பாலைவெளியில் குதிரை ஏற்றியிருக்கிறார்கள்! எனினும் பட்டியலில் தலைப்பெயர்களோடு அவருடைய பெயரும் வாரந்தோறும் சேர்ந்து வந்த காலம் அது.

கடைசியில் மனத்தை உறுத்தும் ஒரு வேடம். 1978இல் வெளிவந்த 'த வைல்ட் கீஸ்' ஆபிரிக்காவில் சண்டையிடும் வெள்ளைக் கூலிப்படையினரை வீரர்களாக்கிய படம். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாபிரிக்காவில் எடுக்கப்பட்டது. நிறவெறி எதிர்ப்பு இயக்கத்தினர் எதிர்த்தார்கள். ஏகாதிபத்தியப் போரில் கைதியாகி வதைபட்ட மனிதர் அதில் கூலிப்படையாளாக நடித்தார். தலைமை நடிகன் மறுக்கலாம். எட்டாம் இடத்து நடிகன் மறுத்தால் அடுத்த மாதம் அடுப்பு எரியாது என்று சமாதானம் சொல்லலாம். அந்தச் சமாதானம் நமக்கு முழுமையாகச் செல்லவில்லை. அந்திரே மோரெல் 1973இல் நடிகர் தொழிற்சங்கமான 'ஈக்குவிற்றி'யின் தலைவராகி உழைத்ததையும் நினைக்கிறோம். தனியொரு நடிகன் மறுக்க இயலாததை மறுப்பதற்கே சங்கம் வேண்டியிருக்கிறது.

முல்லைத்தீவில் வாழும் நமக்கு எண்ணப்படாத சாவு புத்தகச் செய்தி அன்று. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிந்த போரில் இறந்தோர் எத்தனைபேர் என்பதில் இன்றும் ஒருமித்த எண் இல்லை. 1958இலும் 1977இலும் வன்செயலுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து காடுவெட்டிக் குடியேறியவர்களும் நம்மோடு அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டன்மாரின் உறவினர் சிலர் சயாமிலும் கிடக்கக்கூடும். வகுப்பறையில் இரண்டாம் உலகப் போரைப் படிப்பிக்கும் ஆசிரியர்கள் இந்தப் பாதையையும் படிப்பித்தால் நன்று. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய நாவல்கள் தமிழில் உள்ளன. படத்தைப் பார்க்கும் மாணவர் இவற்றையும் தேடிப் படிக்கட்டும்; குறோகன் வரும் காட்சிகளில் அந்த முகத்தையும் சற்று நின்று பார்க்கட்டும்.

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கான கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. புல் ஒழுங்காக வெட்டப்படுகிறது. கல் ஒவ்வொன்றிலும் பெயரும் படைப்பிரிவும் வயதும் பொறித்திருக்கிறார்கள். கித்துல்கலவில் படத்துக்காகக் கட்டிய பாலத்தின் கொங்கிறீற்று அடித்தளங்கள் ஆற்றோரத்தில் இன்னும் கிடக்கின்றன. உல்லாசப் பயணிகளைக் கூட்டிச்சென்று அவற்றையும் காட்டுகிறார்கள்.